கோடைக்கும் கொண்டலுக்கும் நடுவே

சித்திரை பிறந்துவிட்டால் நம் பருவ இதழ்களுக்கும் நாளிதழ் இணைப்புகளுக்கும் ஒரு கடமை வந்து சேர்ந்துவிடுகிறது. கோடையைப் பற்றி நான்கு பக்கம் எழுதியாக வேண்டும். நுங்கு, மாவடு, பாட்டி ஊர், கிணற்றுக் குளியல், மொட்டைமாடியில் விரித்த பாய் என ஏறத்தாழ ஒரே பட்டியல் ஆண்டுதோறும் அச்சேறுகிறது. எழுதுவோரின் ஏக்கத்தில் பொய்யில்லை. ஆயினும் சென்னையில் இருந்துகொண்டு இவற்றைப் படிக்கிற நமக்கு ஒரு குறை தென்படுகிறது. ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினால் அக்கட்டுரைகள் வேலூருக்கும் பொருந்தும், திருச்சிக்கும் பொருந்தும். கடற்கரை வராமலில்லை; சுண்டலும் பலூனுமாக ஒரு பத்தியில் வந்து போய்விடுகிறது. ஆனால் இந்நகரத்துக் கோடையை நாள்தோறும் மணிதோறும் நடத்துவது கடல்தான் என்ற செய்தி அவற்றில் எங்கும் இல்லை.

இதைச் சொல்ல நம்மிடம் சொல் இல்லையா என்றால், இருக்கிறது. திசைக்கொரு பெயராகக் காற்றைப் பிரித்தறிந்தவர்கள் தமிழர். வடக்கிலிருந்து வீசுவது வாடை, தெற்கிலிருந்து வீசுவது தென்றல், கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல், மேற்கிலிருந்து வீசுவது கோடை. இதை ஒரு மதிப்பெண் வினாவாகக் கேட்டு, விடை எழுத வைத்து, பிறகு மறந்துவிடுகிறோம். மேல்காற்றுக்கும் வெயிற்காலத்துக்கும் தமிழில் ஒரே பெயர்! எது முந்திய பொருள், எது பிந்தியது என்ற சொல்லாராய்ச்சிக்குள் இங்கே நுழைய வேண்டாம். சென்னையைப் பொறுத்தவரை அவ்விரண்டும் ஒன்றே என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. இங்கே வெயிற்காலம் என்பது கோடைக்கும் கொண்டலுக்கும் அன்றாடம் நடக்கும் வழக்கு. கொண்டல் வென்ற நாள் பொறுத்துக்கொள்ளக்கூடிய நாள். கோடை வென்ற நாளில் தார்ச்சாலை இளகும்.

அதன் நடைமுறை எளியது. முற்பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று சூடேறி மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடல்மேல் இருந்த குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. (துல்லியமாகச் சொன்னால் அது தென்கிழக்கிலிருந்து வருவது, கொண்டலுக்கும் தென்றலுக்கும் இடைப்பட்ட பிறவி. நாம் கொண்டல் என்றே வைத்துக்கொள்வோம்.) ஏப்ரலில் பெரும்பாலும் நண்பகலை ஒட்டியே வந்துவிடும். மே மாத இறுதியிலும் ஜூனிலும் மேல்காற்று வலுத்துவிடுகிறது. உள்நாட்டின் காய்ந்த நிலங்களைத் தடவிக்கொண்டு வரும் அக்காற்று, கடற்காற்றைக் கரையிலேயே மறித்து நிறுத்துகிறது. மூன்று மணி, நான்கு மணி என்று தள்ளிப் போகும். சில நாள் வந்தும் பயனில்லாதபடி மாலையில்தான் வரும். வெப்பமானி 42, 43 என்று ஏறுவது அந்நாள்களில்தான். 2003 மே மாத இறுதியில் 45 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. கத்திரி வெயில் மே 4ஆம் நாளை ஒட்டித் தொடங்கி 28, 29இல் முடிந்துவிடுவதாகப் பஞ்சாங்கம் சொல்லும். கத்திரி கழிந்துவிட்டது, இனிக் குளிரும் என்று ஜூன் முதல் வாரத்தில் நம்பி வெளியே போனவர்கள் பஞ்சாங்கத்தை நொந்துகொண்டு திரும்புவார்கள். பஞ்சாங்கம் ஞாயிற்றின் கணக்கைச் சொல்கிறது. காற்றின் கணக்கு வேறு.

இலக்கணம் படித்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். பாலைக்கு வேனிலும் நண்பகலும் உரியவை என்கிறது தொல்காப்பியம். நெய்தலுக்கு உரிய சிறுபொழுது எற்பாடு. அது ஞாயிறு சாயும் பிற்பகலா, அன்றி ஞாயிறு எழும் காலையா என்று உரைவழியே ஒரு வழக்கு உண்டு. மே மாதத்துச் சென்னையில் ஒரு பிற்பகலைக் கழித்தவர்கள் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்வார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. நண்பகல் வரை பாலையாகக் கிடக்கும் அதே தெரு, நிழல் கிழக்கே நீளத் தொடங்கியதும் நெய்தலாகிவிடுகிறது. ஓரிடத்திலேயே நின்றுகொண்டு ஒரே நாளில் இரண்டு திணைகளைக் காண்பது எல்லா ஊருக்கும் வாய்ப்பதன்று.

இதைப் பார்க்க வானிலை நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. எதிர்வீட்டு மாடிக் கொடியைப் பார்த்தால் போதும். முற்பகல் பதினொரு மணிக்கு அதில் தொங்கும் வேட்டியும் சேலையும் கிழக்கு நோக்கி விசிறும். தொட்டால் மொறமொறவென்று இருக்கும். பிறகு ஒரு மணி அளவில் எல்லாம் அப்படியே தொங்கிப் போகும். இலை அசையாது. நிறுத்தியிருக்கும் காரின் அடியில் நாய் நாக்கைத் தொங்கவிட்டுக் கிடக்கும். இளநீர்க்காரர் அரிவாளை ஓலைக்கு அடியில் செருகிவிட்டு வண்டியின் நிழலுக்குள் ஒடுங்கியிருப்பார். சாலைச் சந்திப்பில் இரு சக்கர வண்டிகள் நிறுத்தக் கோட்டை விட்டுப் பத்தடி பின்னால், ஒரு வேப்பமரத்தின் நிழல் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு மட்டும் நெருக்கியடித்து நிற்கும். (2024 கோடையில் மாநகராட்சி சில சந்திப்புகளில் பச்சை வலைப் பந்தல் போட்டது. நல்ல காரியம், மரம் வைத்திருந்தால் இன்னும் நல்ல காரியமாக இருந்திருக்கும்.) அதன்பின் கொடியில் ஏதோ ஒரு கைக்குட்டை மேற்கே திரும்பும். அடுத்து ஒரு துண்டு. சன்னல் கதவு ஒன்று படாரென்று அடித்துக்கொள்ளும். யாரோ ஒருவர் வீட்டுக்குள்ளிருந்து, காத்து வந்துடுச்சு என்பார். அவ்வளவுதான் அறிவிப்பு.

ஆனால் அக்காற்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்துவிடுவதில்லை. திருவல்லிக்கேணிக்கும் மயிலாப்பூருக்கும் சாந்தோமுக்கும் முதலில். நுங்கம்பாக்கத்துக்குச் சற்றுப் பிறகு. அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் போய்ச் சேர்வதற்குள் வழியெல்லாம் சூட்டை வாங்கி மெலிந்துபோகும். தியாகராய நகரிலிருந்து மயிலாப்பூர் நோக்கிப் பேருந்தில் வருகிறவர் எங்கோ ஓரிடத்தில் சட்டென்று நிமிர்ந்து உட்காருவதைக் காணலாம். அந்த இடம் நாளுக்கு நாள் மாறும்.

ஆசிரியர்களாகிய நமக்குக் கோடை என்பது விடைத்தாள் திருத்தும் காலம். பெரிய மண்டபம், வரிசையாக மேசைகள், தலைக்கு மேலே மின்விசிறி. விசிறியைப் போட்டால் தாள் பறக்கிறது. நிறுத்தினால் வியர்வை தாளில் சொட்டுகிறது. ஆளுக்கொரு கருங்கல் துண்டை வைத்துக்கொண்டு சங்க இலக்கியத்துக்கு மதிப்பெண் போடுவோம். பிற்பகலில் கிழக்குச் சன்னல் வழியே காற்று நுழைந்து எல்லா மேசையிலும் தாள்கள் ஒருசேரச் சலசலக்கும்போது, மண்டபமே ஒரு கணம் தலைதூக்கிப் பார்க்கும். அந்த ஒரு கணத்தில் திருத்தப்பட்ட தாள்களுக்கு ஒன்றிரண்டு மதிப்பெண் கூடுதலாகவே விழுந்திருக்கும் என்பது நம் ஊகம்.

இக்காலத்துக் காட்சிகளில் சிலவற்றைப் பற்றி நெடுக எழுத ஒன்றுமில்லை. தர்பூசணிக் குவியல், கிர்ணிப்பழச் சாறு, கேழ்வரகுக் கூழ் வண்டி, ஆந்திரத்திலிருந்து வந்திறங்கும் பங்கனப்பள்ளி எல்லாம் உண்டு. கட்சிக்கொரு தண்ணீர்ப் பந்தலும் உண்டு. திறப்பு நாளில் மோரும் வெள்ளரிப் பிஞ்சும். ஒரு வாரத்தில் வெறும் தண்ணீர். இரண்டாம் வாரத்தில் பானை கவிழ்ந்திருக்கும். தலைவர் படம் மட்டும் மழைக்காலம் வரை நிற்கும். குடிநீரைப் பற்றி அசோகமித்திரன் தம் ‘தண்ணீர்’ நாவலில் எழுதியதற்குமேல் இந்நகரைப் பற்றி எவர் என்ன எழுதிவிட முடியும்! 2019இல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் தண்ணீர் வந்தபோது, அந்நாவலின் பக்கங்கள் தெருவுக்கு இறங்கி வந்ததுபோல் இருந்தது. இன்று மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரையே குடிநீராக்குகிறார்கள். குடத்துக்குள்ளும் கடல் வந்துவிட்டது.

கோடைக்கும் கடலுக்கும் உள்ள இன்னோர் உறவை நகரத்தார் மீன் விலையில் மட்டுமே அறிகிறார்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனம்பெருக்கும் காலம் என்பதால் இந்தத் தடை. முன்னர் 45 நாளாக இருந்தது 2017இல் 61 நாளாயிற்று. காசிமேட்டுத் துறைமுகத்தில் இக்காலத்தில் படகுகள் நெருக்கியடித்து நிற்க, பலகை மாற்றும் தச்சு ஓசையும், வண்ணப் பூச்சின் வாடையும், வலை பின்னும் விரல்களுமாக வேறோர் ஊர் அங்கே தோன்றிவிடுகிறது. கட்டுமரமும் சிறு படகும் வைத்திருப்பவர்கள் மட்டும் வைகறையில் போய் வருகிறார்கள். காற்றை நம்பிப் போகிறவர்கள் என்பதால் வாடை, கொண்டல், கச்சான் முதலிய பெயர்கள் மீனவர் பேச்சில் இன்றும் வழங்குகின்றன. வகுப்பில் நாம் நிகண்டைப் புரட்டிச் சொல்லும் சொற்களை, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் குப்பத்து மாணவர் வீட்டில் கேட்டு வளர்ந்திருக்கிறார். அவரிடம் நாம் கேட்பதில்லை.

இனி நம் மனத்தை உறுத்தும் செய்திக்கு வருவோம். சிலப்பதிகாரத்தில் வேனிற்பள்ளி என்றும் கூதிர்ப்பள்ளி என்றும் இருவகைப் படுக்கையிடங்கள் பேசப்படுகின்றன. கூதிர்ப்பள்ளிக்குக் குறுகிய சாளரம். வேனிற்பள்ளி மேல்மாடத்தில், காற்றுக்குத் திறந்து கிடப்பது. கோவலனும் கண்ணகியும் தென்றல் நுழைந்த மாடத்திலிருந்து நிலா முற்றத்துக்கு ஏறிச் செல்வதைத் தொடக்கக் காதைகளிலேயே காண்கிறோம். கடற்கரை நகரத்து வீடு காற்றைக் கணக்கிட்டுக் கட்டப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளில், தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரையும், முற்றமும், திண்ணையும் அக்கணக்கின் மிச்சங்களே. அந்த மொட்டைமாடியே நம் வேனிற்பள்ளி.

இப்போது அடுக்ககங்களின் மாடிக்கதவு பூட்டியிருக்கிறது. சாவி குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பில். மேலே தண்ணீர்த்தொட்டி, சூரிய மின்தகடு, கைப்பேசிக் கோபுரம். கீழே வீட்டுக்கு மூன்று ஏசி. சன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்ட அறைக்குள் இருப்பவருக்குக் காற்று திரும்பியது தெரிவதேயில்லை. கொண்டல் வந்து கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போகிறது. இதில் ஒரு கொடுமை என்னவென்றால், அந்த இயந்திரம் அறைக்குள்ளிருக்கும் சூட்டை இல்லாமல் ஆக்குவதில்லை; எடுத்து வெளியே தள்ளுகிறது. சுவருக்கு அப்பால் சந்தில் இஸ்திரி வண்டி நிறுத்தியிருப்பவர்மேல் அது போய் விழுகிறது. குளிரை விலைகொடுத்து வாங்கியவர்கள் இந்நகரில் முன்பும் இருந்தார்கள். கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டப்பட்டது. வெள்ளையர் விருந்துக்குப் பனிக்கட்டி வந்ததால் தெருவில் போகிறவனுக்குச் சூடு கூடவில்லை. இன்றைய ஏற்பாடு அப்படியன்று. ஏசி வைத்திருப்பவரை நாம் பழிக்கவில்லை. உறங்கினால்தான் மறுநாள் வேலைக்குப் போக முடியும். ஆனால் அதை வாங்க இயலாதவருக்கு என்ன வழி என்று கேட்கும் கடமை நமக்குண்டு.

அவர்களுக்கான வழி கடற்கரை. அஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் தகரக் கூரைக்கும் கீழே பகலெல்லாம் வெந்தவர்கள் ஆறு மணிக்கு மேல் பேருந்து பிடித்து, ஆட்டோவில் எட்டுப்பேர் நெருக்கி, நடந்து, மெரினாவுக்கு வந்து சேர்கிறார்கள். புளிச்சோற்றுப் பாத்திரமும் பழைய போர்வையும் கையில். கைக்குழந்தையை மணலில் கிடத்தினால் ஐந்து நிமிடத்தில் அழுகை நின்றுவிடும். கிழவிகள் கால் நீட்டி உட்கார்ந்து காற்றுக்கு முகத்தைக் கொடுப்பார்கள். இக்கூட்டத்தை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று எழுதுவது நம் செய்தித்தாள்களின் வழக்கம். அவர்கள் மூச்சுவிட வந்தவர்கள்.

இங்கே மறுபடியும் இளங்கோவிடம் போக வேண்டியிருக்கிறது. புகாரில் இந்திர விழா சித்திரையில்தான் நடந்தது. 28 நாள் விழா என்பது மணிமேகலையால் தெரிகிறது. விழா முடிவில் ஊர் கடலாடப் போகிறது. கடலாடு காதையில் அந்த இரவுக் கடற்கரையின் விளக்குகளைப் புலவர் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறார். சாந்தும் மலரும் விற்போர் விளக்கு, கம்மியர் விளக்கு, பிட்டு விற்போர் விளக்கு, அப்பம் சுடுவோர் விளக்கு, இடையிடையே மீன் விற்போர் விளக்கு, கப்பலை அழைக்கும் கலங்கரை விளக்கு, கடலுக்குள் பரதவர் படகு விளக்கு. பஜ்ஜிக்கடையின் சிறு விளக்கையும், காந்தி சிலைக்குத் தெற்கே சுழலும் கலங்கரை விளக்கத்தையும், தொடுவானத்தில் மினுக்கும் படகுகளையும் ஒரே பார்வையில் கண்டவர்கள் அக்காதையை உரையில்லாமலே படித்துவிடலாம். நம் கவனத்தை ஈர்ப்பது அப்பட்டியலின் பெருந்தன்மை. மீன் விற்பவளின் விளக்கு அக்கரையில் அயலாகத் தோன்றவில்லை. ஊர் அழகின் ஒரு பகுதியாகவே எண்ணப்படுகிறது.

நம் காலத்தில் என்ன நடந்தது? 2023 ஏப்ரலில், கத்திரி தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு, நொச்சிக்குப்பத்தை ஒட்டிய லூப் சாலையோர மீன்கடைகளை, உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து மாநகராட்சி அகற்றியது. மீனவர்கள் சாலையில் அமர்ந்து போராடினார்கள். 2024 ஆகஸ்டில் அங்கே நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. அங்காடி வந்தது நன்று. ஆயினும் வாகனம் தடையின்றிச் செல்ல வேண்டும் என்பதே அகற்றியதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது என்பதை மறக்கலாகாது. குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவே வந்து புகுந்தது சாலைதான். குப்பம் சாலைக்கு நடுவே வரவில்லை.

மெரினாவின் அகன்ற மணலும் இயற்கை தந்த வரமன்று. 1870களில் துறைமுகப் பணி தொடங்கியபின், கரையோரமாகத் தெற்கிலிருந்து நகர்ந்து வரும் மணல் துறைமுகச் சுவரில் தடுக்கப்பட்டு அதன் தென்புறத்தில் தங்கலாயிற்று. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாச்சாலை அமைத்து மெரினா என்று பெயர் சூட்டினார். அதே காலந்தொட்டுத் துறைமுகத்துக்கு வடக்கே மணல் வரத்து நின்று, இராயபுரம் தொடங்கிக் கரையைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. அங்கே இப்போது கருங்கல் தடுப்புகள். வடசென்னைக்குக் கொண்டல் உண்டு, படுக்க மணல் இல்லை. பகலின் சூடு இறங்காத அந்தக் கற்கள்மேல்தான் இரவில் அப்பகுதியார் உட்கார்ந்திருக்கிறார்கள். தெற்கின் மணல் வடக்கின் இழப்பு என்பதை உலாச்சாலையில் நடைபயிலும் பெரியோர் நினைத்துப் பார்ப்பது நல்லது.

அந்த மணலிலும் இரவு முழுதும் இருக்க முடிவதில்லை. பத்து மணி அளவில் காவலர்கள் வந்து கூட்டத்தைக் கலைத்து அனுப்புவது வழக்கமாக இருந்து வருகிறது. பத்து மணிக்குக் கூரை ஆறியிருக்காது. கான்கிரீட்டும் தகரமும் வாங்கிய சூட்டை நள்ளிரவு வரை உமிழும். பாதுகாப்பு, குப்பை, குடித்துவிட்டு வருவோர் தொல்லை என்று காவலர் தரப்பில் சொல்லப்படுபவை வெற்றுச் சாக்குகளல்ல; பெண்கள் தனியே தூங்கும் இடத்தில் காவல் வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இராது. ஆமைகளின் செய்தி ஒன்றும் உண்டு. பங்குனி, சித்திரையில் இக்கரைகளில் பொரிக்கும் பங்குனி ஆமைக் குஞ்சுகள் கடல்வெளிச்சத்தை நோக்கிப் போக வேண்டியவை. கரையில் விளக்கு மிகுந்தால் சாலைப்பக்கம் திரும்பிவிடும். ஆகவே உயர்கோபுர விளக்குகளைப் போட்டு இரவைப் பகலாக்கும்படி நாம் கேட்கவில்லை. தூங்க வருகிறவர்களுக்கும் அது வேண்டியதில்லை.

வெப்ப அலையை மாநிலத்தின் தனிப்பேரிடராக 2024 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு என்பது அதன் பொருள். புயல் வந்தால் பள்ளிக்கூடத்தைத் திறந்து மக்களைத் தங்க வைக்கிறார்கள். வெப்பமும் பேரிடர் என்றால் அதற்குரிய தங்குமிடம் எது என்ற கேள்வி எழுமல்லவா? பல கோடி செலவில் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. கத்திரி தொடங்கும் நாளிலிருந்து ஜூன் பாதி வரை ஏறத்தாழ நாற்பது இரவுகள். உழைப்பாளர் சிலைக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் இடைப்பட்ட மணலில் ஒரு பகுதியைக் குடும்பங்களுக்கென ஒதுக்கி, விடியும்வரை எழுப்பாமல் விட்டுவிடலாம். நான்கு குடிநீர்க் குழாய், இரவிலும் திறந்திருக்கும் கழிப்பறை, சுற்றிவரப் பெண் காவலர் சிலர், விடியற்காலையில் குப்பை அள்ள ஒரு வண்டி. வடக்கே இராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் மணல் இல்லாததால், அங்குள்ள மாநகராட்சிப் பள்ளிகளின் மாடிகளைத் திறந்துவிடலாம். கோடை விடுமுறையில் அவை எப்படியும் வெறுமையாகத்தான் கிடக்கின்றன, கடலைப் பார்த்தபடி.